மருத்துவ மாணவர்களின் மனச்சோர்வும் துணைநிற்கும் மனிதர்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மருத்துவம் படிப்பவர்கள், அவர்களோடு அறையைப் பகிர்பவர்கள், பெற்றோர், ஆசிரியர்கள் ஆகியோர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. எல்லாவற்றையும் படிக்கப் பொறுமை இல்லாதவர்கள், இப்போது தங்களை உறுத்தும் கேள்விக்கு நேராகப் போகலாம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் இருப்பவர்கள் இந்தப் பக்கத்தைப் படிப்பதை இங்கேயே நிறுத்திவிட்டு, அருகில் இருக்கும் ஒருவரைக் கூப்பிடுங்கள், அல்லது அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். மற்றதைப் பிறகு படித்துக்கொள்ளலாம்.

மருத்துவ மாணவர்களிடம் மனச்சோர்வு உண்மையிலேயே அதிகமா? இப்போது எல்லோரும் பேசுவதால் அப்படித் தோன்றுகிறதா?

அதிகம்தான். லிசா ரோட்டன்ஸ்டீனும் அவருடைய குழுவினரும் 2016-இல் வெளியிட்ட தொகுப்பாய்வு, 47 நாடுகளில் நடந்த 195 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தது. ஏறத்தாழ 1,29,000 மாணவர்கள் அதில் அடங்குவர். மனச்சோர்வோ அதன் அறிகுறிகளோ இருந்தவர்கள் 27.2 சதவீதம், தற்கொலை எண்ணம் எழுந்ததாகச் சொன்னவர்கள் 11.1 சதவீதம். நூறு பேர் உட்கார்ந்திருக்கும் வகுப்பறையில் இது எத்தனை நாற்காலிகள் என்று எண்ணிப் பாருங்கள்.

அதே ஆய்வில் இன்னொரு செய்தி உண்டு. அதில் சேர்க்கப்பட்ட ஆய்வுகள் 1982 முதல் 2015 வரை நடந்தவை. அந்த முப்பது ஆண்டுகளில் இந்த விகிதம் பெரிதாக மாறவில்லை. "எங்கள் காலத்தில் இதெல்லாம் கிடையாது, இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத்தான் மனவலிமை இல்லை" என்று சொல்லும் மூத்த மருத்துவர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்கலாம். அவர்கள் காலத்திலும் இருந்தது. யாரும் கேட்கவில்லை, யாரும் சொல்லவில்லை.

இயல்பிலேயே மனம் சோர்ந்தவர்கள் இந்தப் படிப்புக்கு வருகிறார்களா, படிப்பு அப்படி ஆக்குகிறதா?

படிப்பின் பங்கு பெரிது. சேர்வதற்கு முன்பும் சேர்ந்த பின்பும் அதே மாணவர்களை அளந்து பார்த்த ஆய்வுகளில், அறிகுறி உள்ளவர்களின் அளவு பொதுவாகக் கூடியிருந்தது; இடைநிலை (நடு மதிப்பு) உயர்வு 13.5 சதவீதப் புள்ளிகள். முன்பே மனச்சோர்வு வந்து போனவர்களுக்கும், குடும்பத்தில் அந்த நோய் உள்ளவர்களுக்கும் ஆபத்து கூடுதல் என்பது உண்மை. ஆனால் வாசலில் நலமாக நுழைந்த பலர் உள்ளே வந்த பிறகே நோயுறுகிறார்கள்.

இவை கேள்வித்தாளில் வந்த மதிப்பெண்கள்தானே? அதை வைத்து நோய் என்று சொல்லலாமா?

சொல்லக்கூடாது. நியாயமான சந்தேகம் இது. பெரும்பாலான ஆய்வுகள் மாணவர்களே நிரப்பும் கேள்வித்தாள்களை நம்பியிருக்கின்றன. அதிகம் புழங்குவது பி.எச்.க்யூ-9. ஒன்பது கேள்விகள், கடந்த இரண்டு வாரங்களில் எத்தனை நாள் அப்படி இருந்தது என்பதற்கு 0 முதல் 3 வரை, மொத்தம் 27. பத்தோ அதற்கு மேலோ வந்தால் ஒரு மருத்துவர் நேரில் பார்க்க வேண்டும் என்று பொருள். 2001-இல் அதை உருவாக்கியவர்கள், 10 என்ற எல்லையில் அது 88 சதவீத நோயாளிகளைச் சரியாக இனங்காண்பதாகவும், நோயில்லாதவர்களில் 88 சதவீதத்தினரைச் சரியாக விலக்குவதாகவும் கண்டார்கள். மீதி 12 சதவீதம் இரு பக்கமும் தவறு நேரும் இடம்.

மருத்துவ மாணவர்களிடம் இந்தத் தவறுக்கு இடம் கொஞ்சம் அதிகம் என்பது என் கணிப்பு. தூக்கமின்மை, களைப்பு, பசியில் மாற்றம், கவனச்சிதறல் ஆகிய நான்கும் அந்த ஒன்பதில் அடங்கும். தேர்வு வாரத்தில் இந்தத் தாளைக் கொடுத்தால் மனம் நலமாக இருக்கும் மாணவர்கூட நான்கிலும் மதிப்பெண் வாங்கிவிடுவார். ஆகவே எண் ஓர் எச்சரிக்கை மணி. தீர்ப்பு வேறிடத்தில் எழுதப்படுகிறது.

சாதாரணக் களைப்புக்கும் மனச்சோர்வுக்கும் என்ன வித்தியாசம்? தேர்வு நேரத்தில் எல்லோரும்தானே அப்படி இருக்கிறார்கள்?

தேர்வு முடிந்த அடுத்த நாள் என்ன ஆகிறது என்று பாருங்கள். களைத்தவர் பத்து மணி நேரம் தூங்கி எழுந்து, யாரையோ அழைத்துக்கொண்டு வெளியே கிளம்புவார். மனச்சோர்வில் இருப்பவருக்கு ஓய்வும் ஓய்வாக இருப்பதில்லை. பிடித்த பாட்டு பிடிக்கவில்லை. விடிகாலை மூன்று மணிக்கே விழிப்பு வந்து, எழவும் முடியாமல் தூங்கவும் முடியாமல் கிடப்பார். தேறியிருந்தாலும் "ஏதோ தவறுதலாகப் போட்டுவிட்டார்கள்" என்றுதான் தோன்றும்.

மருத்துவ வரையறை இது: மனம் சோர்ந்திருத்தல், எதிலும் ஆர்வமின்மை ஆகிய இரண்டில் ஒன்றாவது இருக்க வேண்டும். அதையும் சேர்த்து, தூக்கம், பசி, ஆற்றல், கவனம், அசைவின் வேகம், குற்றவுணர்வு, சாவைப் பற்றிய எண்ணம் உள்ளிட்ட ஒன்பது அறிகுறிகளில் குறைந்தது ஐந்து, இரண்டு வாரங்களுக்கு, நாளின் பெரும்பகுதியும், ஏறக்குறைய எல்லா நாளும் நீடித்து, அன்றாட வாழ்க்கையைக் குலைக்க வேண்டும். இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்கு ஒரு வார்த்தை: பாடத்தில் படிக்கும் நோயெல்லாம் தனக்கும் இருப்பதாகத் தோன்றும் பருவம் அது. சந்தேகம் வந்தால் நீங்களே முடிவு கட்டாமல் இன்னொருவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

நீண்ட பணி அழுத்தத்தால் வரும் வேலைச்சலிப்பு (பர்ன்அவுட்) என்று சொல்லப்படும் நிலை வேறு. உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில் அது வேலை சார்ந்த நிகழ்வாகத்தான் இடம்பெறுகிறது, நோயாக அல்ல. இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்து இருப்பது சகஜம்.

சமூக ஆதரவு என்று ஆய்வுகளில் சொல்வது எதை? நிறைய நண்பர்கள் இருப்பதையா?

அதை இல்லை. சிட்னி காப் என்ற மருத்துவர் 1976-இல் கொடுத்த விளக்கம் இன்றும் நிற்கிறது. தன்மேல் அன்பும் அக்கறையும் உண்டு, தனக்கு மதிப்பு உண்டு, ஒருவருக்கொருவர் கடமைப்பட்ட ஒரு கூட்டத்தில் தானும் ஒருவர் என்று ஒருவரை நம்பவைக்கும் செய்திதான் ஆதரவு என்றார் அவர். பணத்தையோ பொருளையோ அவர் முன்னால் வைக்கவில்லை.

1981-இல் ஜேம்ஸ் ஹவுஸ் அதை நான்காகப் பிரித்தார்: உணர்வுக்குத் துணை, கைவேலையாகச் செய்யும் உதவி, தகவல், நம்மை நாமே எடைபோட உதவும் சொல். முதல் மூன்றும் எளிதில் விளங்கும். மருத்துவக் கல்லூரியில் அதிகம் கிடைக்காமல் போவது நான்காவது. வார்டில் ரவுண்ட்ஸ் நடக்கிறது. ஆறு மாணவர்கள், ஒரு நோயாளி, பேராசிரியர். ஒருத்தியிடம் கேள்வி விழுகிறது. அவளுக்கு விடை வரவில்லை. "இதுகூடத் தெரியாமல் எப்படி இங்கே வந்தாய்?" என்று கேட்டுவிட்டு அவர் அடுத்த படுக்கைக்கு நகர்ந்துவிடுகிறார். அவள் நோயாளியின் முகத்தைப் பார்க்க முடியாமல் குறிப்பேட்டில் எதையோ எழுதுவதுபோல் நிற்கிறாள். பக்கத்தில் இருப்பவன் குனிந்து, "எனக்கும் தெரியாது. இவர்களில் ஒருவருக்கும் தெரியாது" என்கிறான். நான்காவது வகை அதுதான். மூன்று விநாடி ஆகும். அதைச் சொல்ல ஆளில்லாமல் அந்தக் கேள்வியைத் தனியாக விடுதிக்குச் சுமந்துபோகும் மாணவர்களின் எண்ணிக்கை அதிகம்.

அன்பையும் அக்கறையையும் எப்படி அளக்கிறார்கள்?

கேட்டுத்தான். கிரெகரி ஜிமெட்டும் மற்றவர்களும் 1988-இல் உருவாக்கிய அளவுகோலில் 12 வாக்கியங்கள் உண்டு. குடும்பத்துக்கு நான்கு, நண்பர்களுக்கு நான்கு, தனிப்பட்ட முக்கியமான ஒருவருக்கு நான்கு. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை மதிப்பெண். எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று அது கேட்பதில்லை. தேவைப்படும்போது ஒருவர் இருப்பாரா என்றுதான் கேட்கிறது.

அறை நிறைய ஆட்கள் இருந்தும் ஒருவர் எப்படி ஆதரவற்று உணர முடியும்?

இந்தத் துறையில் ஓரளவு உறுதியாகத் தெரிந்த உண்மை ஒன்று உண்டு. உண்மையில் எவ்வளவு உதவி கிடைத்தது என்பதைவிட, "கேட்டால் கிடைக்கும்" என்ற நம்பிக்கைக்குத்தான் மனநலத்தோடு நெருங்கிய தொடர்பு இருக்கிறது. நூறு தொலைபேசி எண்கள் இருந்து, இரவு இரண்டு மணிக்கு அழைக்கக்கூடியது ஒன்றும் இல்லையென்றால் அந்த நூறும் கணக்கில் வராது.

மருத்துவக் கல்லூரியில் இதற்குத் தனிக் காரணங்கள் இருக்கின்றன. பக்கத்து அறைத் தோழனே மேற்படிப்பு இடத்துக்குப் போட்டியாளன். வழிகாட்ட வேண்டிய ஆசிரியரே வைவா என்ற வாய்மொழித் தேர்வில் மதிப்பெண் போடுபவர். ஆலோசகர் அதே மருத்துவமனையில் பணிபுரிபவர். அவருடைய துறையில் அடுத்த மாதம் மாணவருக்குப் போஸ்டிங், அதாவது பயிற்சிப் பணி, வரும். பள்ளி நண்பர்கள் வேலைக்குப் போய், சம்பளம் வாங்கி, கல்யாணமும் செய்துகொள்கிறார்கள்; இவர்கள் இன்னும் படித்துக்கொண்டிருக்கிறார்கள், பேச்சு ஒட்டுவதில்லை. இதற்கெல்லாம் மேலாக, முதல் நாளிலிருந்தே இவர்களை உதவி கொடுப்பவர்களாகப் பழக்குகிறோம். வாங்குவது எப்படி என்று எந்தப் பாடத்திலும் இல்லை.

ஆதரவு எந்த வழியில் வேலை செய்கிறது?

இரண்டு வழிகள். 1985-இல் ஷெல்டன் கோஹனும் தாமஸ் வில்ஸும் அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டி இதைப் பிரித்துக் காட்டினார்கள். ஒரு வட்டத்தில் ஒருவராக இருப்பதே எந்த நெருக்கடியும் இல்லாத நாளிலும் மனத்துக்கு நல்லது, இது ஒன்று. நெருக்கடி வரும்போது அதன் அடி நேராக விழாமல் தடுப்பது மற்றது. இந்த இரண்டாவது பலன், தேவைக்கு ஏற்ற ஆதரவு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது என்று தோன்றும்போதே கிடைக்கிறது.

தேவைக்கு ஏற்ற என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். உடற்கூறியல் தேர்வில் தோற்றவருக்கு வேண்டியது மறுதேர்வு விதிகளும் படிக்க ஒரு துணையும். முதல் நோயாளியைச் சாகக் கொடுத்தவருக்கு அவை எதுவும் பயன்படாது. அவருக்கு, நடந்ததை முதலிலிருந்து கடைசிவரை குறுக்கிடாமல் கேட்கும் ஒருவர் வேண்டும். நல்ல எண்ணத்தோடு தவறான வகை உதவியைக் கொடுத்துவிட்டு "எவ்வளவு செய்தும் பலனில்லை" என்று சலித்துக்கொள்பவர்கள் நம்மில் அதிகம்.

ஆதரவு இல்லாததால் மனச்சோர்வு வருகிறதா, மனச்சோர்வு வந்ததால் ஆட்கள் விலகுகிறார்களா?

இரண்டும். மருத்துவ மாணவர்களைப் பற்றிய ஆய்வுகளில் பெரும்பாலானவை ஒரே சமயத்தில் இரண்டையும் அளப்பவை. ஆதரவு குறைந்தவர்களிடம் மனச்சோர்வு அதிகம் என்று காட்டுமே தவிர, எது முன்னால் வந்தது என்று அவற்றால் சொல்ல முடியாது. அப்படிப்பட்ட ஆய்வின் முடிவை "ஆதரவின்மையே காரணம்" என்று எழுதும் கட்டுரைகளைக் கொஞ்சம் தள்ளி வைத்துப் படியுங்கள்.

நேரில் பார்த்தவர்களுக்கு இந்தச் சுழல் தெரியும். சோர்ந்தவர் அழைப்பை எடுப்பதில்லை. நண்பர்கள் நான்கு முறை கூப்பிட்டு, ஐந்தாவது முறை விட்டுவிடுகிறார்கள். "பார்த்தாயா, யாரும் என்னைத் தேடவில்லை" என்று அவர் முடிவுக்கு வருகிறார். சிலரிடம் இது எதிர்த்திசையில் நடக்கும்: "என்மேல் கோபமா? நிஜமாகவே இல்லையா?" என்று உறுதிமொழி கேட்டுக்கொண்டே இருப்பார்கள், கேட்பவர் அலுத்துப்போய் விலகுவார். ஜேம்ஸ் காயின் 1976-இலேயே இதை எழுதிவிட்டார். ஒதுங்கிப்போவது நோயின் அறிகுறிகளில் ஒன்று என்று நண்பர்களுக்குத் தெரிந்திருந்தால் ஆறாவது முறையும் கூப்பிடுவார்கள்.

குடும்பமா, நண்பர்களா, யார் முக்கியம்?

யாரிடம் உண்மையைச் சொல்ல முடிகிறதோ அவர். சில வீடுகளில் அது அம்மா. சில வீடுகளில் வீட்டைத் தவிர யார் வேண்டுமானாலும். வீட்டை விட்டு வந்த மாணவர்களுக்கு அன்றாட ஆதரவு நண்பர்கள்தான், ஏனென்றால் ரவுண்ட்ஸில் நடந்ததை விளக்கம் இல்லாமல் புரிந்துகொள்பவர்கள் அவர்கள். ஆனால் படிப்பையே விட்டுவிடலாமா என்பது போன்ற பெரிய முடிவில் பல மாணவர்கள் எதிர்பார்ப்பது வீட்டின் சொல்லை: "என்ன ஆனாலும் நீ எங்கள் பிள்ளை."

உதவி செய்யப் போனால் சிலர் எரிந்து விழுகிறார்களே?

உதவியில் ஒரு விலை ஒட்டிக்கொண்டிருக்கிறது. "உன்னால் தனியாகச் சமாளிக்க முடியவில்லை" என்ற செய்தியும் அதோடு சேர்ந்து போகிறது. இதைப் பற்றி நியால் போல்கரும் சக ஆய்வாளர்களும் 2000-இல் வெளியிட்ட ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. நியூயார்க்கில் வழக்கறிஞர் தகுதித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தவர்களையும் அவர்களுடைய துணைவர்களையும் தேர்வை ஒட்டிய நாள்களில் தினமும் குறிப்பு எழுதச் சொன்னார்கள். ஒருவர் "இன்று உதவினேன்" என்று எழுத, படிப்பவர் "இன்று உதவி எதுவும் பெறவில்லை" என்று எழுதிய நாள்கள் இருந்தன. படிப்பவரின் மனநிலைக்கு மிக நல்லதாக அமைந்தவை அவைதான். உதவி கிடைத்ததாகப் படிப்பவர் உணர்ந்த நாள்களில் சோர்வு குறையவில்லை, கூடியே இருந்தது.

அவர்கள் சட்டம் படித்தவர்கள், தம்பதியர்; மருத்துவ விடுதிக்கு அதை அப்படியே பொருத்த முடியாது. ஆனாலும் கற்றுக்கொள்ள ஒன்று உண்டு. "நீ பாவம், நான் உன் குறிப்புகளையும் எழுதித் தருகிறேன்" என்பதைவிட, "நான் எப்படியும் பிரதி எடுக்கப் போகிறேன், உனக்கும் ஒன்று எடுத்துவிட்டேன்" என்பது எளிதாக இறங்கும். "நீ எழுந்து வருவாயா?" என்று கேட்பதைவிட, காலையில் போகிற வழியில் கதவைத் தட்டிவிட்டு வாசலில் நிற்பது நல்லது. இந்த ஆய்வுக்கும், கேட்டால் கிடைக்கும் என்ற நம்பிக்கை முக்கியம் என்று மேலே சொன்னதற்கும் முரண்பாடு இல்லை. ஆள் இருக்கிறார் என்று தெரிய வேண்டும். அவர் செய்வது கடனாகத் தெரியக்கூடாது.

நண்பன் சரியில்லை என்று தெரிகிறது. நான் எப்படிப் பேச்சைத் தொடங்குவது?

"எப்படி இருக்கிறாய்?" என்று கேட்டால் "நன்றாக இருக்கிறேன்" என்றுதான் பதில் வரும். நீங்கள் கண்ணால் பார்த்ததைச் சொல்லித் தொடங்குங்கள்: "இந்த வாரம் மூன்று நாள் வகுப்புக்கு வரவில்லை. நேற்று நான் பேசியபோது நீ கேட்கவே இல்லை என்று பட்டது. என்ன நடக்கிறது?" பிறகு வாயை மூடிக்கொள்ளுங்கள். மௌனம் சங்கடமாக இருக்கும். அதை நிரப்பாதீர்கள். நாமும் மருத்துவம் படிப்பதால், கேட்ட மாத்திரத்தில் நோயைக் கண்டுபிடித்து மருந்து சொல்லக் கை பரபரக்கும், அதையும் அடக்குங்கள்.

"நல்லதையே நினை", "உன்னைவிடக் கஷ்டப்படுபவர்கள் எத்தனையோ பேர்", "எல்லோருக்கும் இருப்பதுதான்" என்ற மூன்றையும் தவிருங்கள். மூன்றும் பேச்சை முடித்துவைப்பவை. "ஏதாவது வேண்டுமானால் சொல்" என்பதும் ஏறக்குறைய அப்படித்தான். என்ன வேண்டும் என்று யோசிக்கும் வேலையை, யோசிக்கவே முடியாதவர் தலையில் வைக்கிறது. "வியாழக்கிழமை மாலை மனநலப் பிரிவுக்கு நானும் வருகிறேன், வெளியில் உட்கார்ந்திருப்பேன்" என்பது உதவி.

தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று நேராகக் கேட்கலாமா? கேட்டால் அதுவே அந்த எண்ணத்தை விதைத்துவிடாதா?

விதைக்காது. நேராகக் கேளுங்கள். மேடலின் கூல்டும் மற்றவர்களும் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், 2,300-க்கும் மேற்பட்ட உயர்நிலைப் பள்ளி மாணவர்களில் ஒரு பகுதியினரிடம் இதைப் பற்றிக் கேட்டார்கள், மற்றவர்களிடம் கேட்கவில்லை. கேட்கப்பட்டவர்களுக்குத் தவிப்போ தற்கொலை எண்ணமோ கூடவில்லை. முன்பே மனச்சோர்வோ தற்கொலை முயற்சியோ இருந்தவர்களுக்குக் கேட்டது தீங்கு செய்யவில்லை. சற்று நிம்மதி தந்ததற்கான அடையாளமே தெரிந்தது.

"உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறதா?" என்று சாதாரணக் குரலில் கேளுங்கள். "அப்படியெல்லாம் நினைக்கவில்லைதானே?" என்று கேட்டால் "இல்லை" என்று சொல்லச் சொல்லிக் கெஞ்சுவதாக ஆகிவிடும். ஆம் என்றால் அவரைத் தனியே விடாதீர்கள். தீங்கு செய்துகொள்ளக்கூடிய எதுவும் அவர் கையருகே இருக்க வேண்டாம். மருத்துவ மாணவர்களின் அறைகளில் மருந்துகள் கிடப்பது சகஜம் என்பதை மறக்க வேண்டாம். பொறுப்பான பெரியவர் ஒருவரை உடனே சேர்த்துக்கொண்டு, அன்றே சிகிச்சைக்கு அழைத்துப் போங்கள்.

யாரிடமும் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டான். என்ன செய்வது?

உயிருக்கு ஆபத்து என்றால் சத்தியத்தை மீறுங்கள். மீறப்போவதை அவரிடமே முதலில் சொல்லுங்கள்: "இதை நான் மட்டும் வைத்துக்கொள்ள முடியாது. யாரிடம் சொல்லலாம் என்று நீ தேர்ந்தெடு, நானும் கூட வருகிறேன்." அவர் கோபப்படலாம். சில மாதங்கள் பேசாமல்கூட இருக்கலாம். உயிருக்கு ஆபத்து இல்லாத மற்ற எல்லா விஷயத்திலும் வாயைத் திறக்காதீர்கள். விடுதியில் ஒரு செய்தி மாடிப்படி இறங்குவதற்குள் பேட்ச் முழுக்கத் தெரிந்துவிடும். அந்தப் பயம்தான் பலரை ஊமையாக்குகிறது.

நாங்கள் நால்வர் தினமும் இரவு உட்கார்ந்து மனம்விட்டுப் பேசுகிறோம். பேசி முடித்தால் இன்னும் பாரமாக இருக்கிறதே?

ஒரே காயத்தை நால்வரும் மாறி மாறிக் கிளறுவது பேச்சைப் போலவே இருக்கும். அமாண்டா ரோஸ் 2002-இல் சிறார்களிடமும் பதின்வயதினரிடமும் இதை ஆராய்ந்தார். பிரச்சினைகளையே சேர்ந்து அலசிக்கொண்டிருப்பவர்களுக்கு நட்பும் நெருக்கமாக இருந்தது, சோர்வும் பதற்றமும் அதிகமாக இருந்தன. விடுவதற்கு மனம் வராமல் போவது அந்த நெருக்கத்தால்தான். பேச்சை நிறுத்த வேண்டாம். "நாளை இதில் எதையாவது மாற்ற முடியுமா?" என்று ஒரு கேள்வியைச் சேருங்கள். முடியாது என்றால் எழுந்து கொஞ்ச தூரம் நடந்துவிட்டு வாருங்கள், வேறு பேச்சு தானே வரும்.

இத்தனை மருத்துவர்கள் சூழ இருந்தும் ஏன் இவர்கள் சிகிச்சைக்குப் போவதில்லை?

முதல் கேள்வியில் சொன்ன தொகுப்பாய்வில், மனச்சோர்வு அறிகுறிகள் தெரிந்தவர்களில் சிகிச்சை நாடியவர்கள் 15.7 சதவீதம் மட்டுமே. நேரமின்மை ஒரு காரணம்; அதற்குப் பின்னால் பயம் இருக்கிறது. தாமஸ் ஷ்வெங்கும் மற்றவர்களும் 2010-இல் வெளியிட்ட ஆய்வு ஓர் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ மாணவர்களிடம் நடந்தது. வெளியில் தெரிந்தால் தன் கருத்தை சக மாணவர்கள் மதிக்க மாட்டார்கள், பொறுப்பைச் சுமக்க லாயக்கில்லாதவர் என்று ஆசிரியர்கள் நினைப்பார்கள் என்ற எண்ணம், மனச்சோர்வு இல்லாதவர்களைவிட இருப்பவர்களிடமே அதிகமாக இருந்தது. உதவி யாருக்குத் தேவையோ அவருக்கே கதவு மிகக் கனமாகத் தெரிகிறது.

இந்தப் பயத்தை வெறும் கற்பனை என்று நான் தள்ள மாட்டேன். வார்டில் மனநோயாளியைப் பற்றி மூத்தவர்கள் அடிக்கும் கேலியை இந்த மாணவர்கள் கேட்டுக்கொண்டுதான் நிற்கிறார்கள். பதிவு உரிமம் பெறும்போது மனநல வரலாற்றைக் கேட்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. உங்கள் இடத்து விதி என்ன என்று நேராகக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வதந்தி எப்போதும் விதியைவிடக் கொடியதாகவே இருக்கும். கல்லூரிக்கு வெளியே உள்ள மருத்துவரைப் பார்ப்பதும் முழுமையான, கண்ணியமான வழி.

உலக மருத்துவச் சங்கத்தின் ஜெனீவா உறுதிமொழி 1948-இல் வந்தது. 2017-இல் திருத்தியபோது, சிறந்த சிகிச்சை தருவதற்காகத் தன் உடல்நலத்தையும் நல்வாழ்வையும் பேணுவேன் என்ற வரியைச் சேர்த்தார்கள். சேர்க்க 69 ஆண்டுகள் ஆயின.

நல்ல நண்பர்கள் இருந்தால் மருந்தும் சிகிச்சையும் தேவையில்லைதானே?

தேவை. மிதமான, கடுமையான மனச்சோர்வுக்கு உளச்சிகிச்சை, மருந்து, அல்லது இரண்டும் வேண்டும். மருந்தின் பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரங்கள் ஆகலாம்; பக்க விளைவுகள் அதற்கு முன்பே வந்துவிடும். அந்த இடைவெளியில்தான் பலர் நிறுத்திவிடுகிறார்கள். நலமடைந்த பிறகும் குறைந்தது ஆறு மாதங்கள் தொடர வேண்டும் என்பது பொதுவான அறிவுரை. நண்பரின் வேலை இங்கே தெளிவாக இருக்கிறது: மூன்றாவது வாரத்தில் "பலனில்லை, விட்டுவிடுகிறேன்" என்று அவர் சொல்லும்போது, மருத்துவரிடம் கேட்டுவிட்டு முடிவெடுக்கலாம் என்று நிறுத்திவைப்பது.

மருந்தியல் படித்துவிட்ட தைரியத்தில் தனக்குத் தானே எழுதிக்கொள்வதும், சீனியரிடம் ஒரு சீட்டு வாங்கிக்கொள்வதும் வேண்டாம். தூக்க மாத்திரை விஷயத்தில் இது இன்னும் கறாராகப் பொருந்தும்.

எனக்குத் தனிமை பிடிக்கும். நண்பர்கள் குறைவு. எனக்கு ஆபத்தா?

தனிமையை நீங்கள் தேர்ந்தெடுத்திருந்தால் கவலை இல்லை. நம்பிப் பேசக்கூடிய ஒருவர் இருந்தாலே நிறைய. முன்பு தனிமை பிடித்தவருக்கு இப்போது அதுவும் பிடிக்கவில்லை என்றால், அப்போது கவனியுங்கள்.

கல்லூரிகள் என்ன செய்ய முடியும்? யோகா வகுப்பும் மனநல வாரமும் நடத்துகிறார்களே?

நடத்தட்டும். சனிக்கிழமை மதியம் ஒரே விடுமுறையையும் பறித்து, வருகைப்பதிவு எடுத்து நடத்தப்படும் மனநல வகுப்பைவிட அந்த மதியத்தைச் சும்மா விட்டிருந்தால் நல்லது என்று மாணவர்கள் நினைப்பதில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

அமைப்பை மாற்றிய இடங்களில் பலன் தெரிந்திருக்கிறது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில், தொடக்க ஆண்டுகளில் தரவரிசையை எடுத்துவிட்டுத் தேர்ச்சி, தோல்வி என்று மட்டும் வைத்தார்கள். வகுப்பு நேரத்தில் ஏறக்குறைய 10 சதவீதத்தைக் குறைத்தார்கள். ஆசிரியர்களும் மாணவர்களும் சேர்ந்த சிறு குழுக்களை அமைத்தார்கள். மனவுறுதிப் பயிற்சி பிறகு வந்தது. மாணவர்களிடம் மனச்சோர்வும் பதற்றமும் குறைந்ததை 2014-இல் வெளியிட்டார்கள். கவனியுங்கள்: பக்கத்து இருக்கைக்காரர் போட்டியாளராக இருப்பது குறைந்தால்தான் அவர் நண்பராக முடியும். தரவரிசையை வைத்துக்கொண்டே "ஒருவருக்கொருவர் ஆதரவாக இருங்கள்" என்று சுவரொட்டி ஒட்டுவது வேடிக்கை.

இன்னும் இரண்டு விஷயங்களைக் கேட்டு வாங்குங்கள். மதிப்பெண் போடும் யாருக்கும் தொடர்பில்லாத ஆலோசகர். விடுப்பு எடுத்துத் திரும்பி வந்தவரை அடுத்த பேட்ச்சில் அநாதையாக விடாமல் பொறுப்பேற்கும் ஓர் ஆசிரியர்.

பெற்றோர் நாங்கள் தூரத்தில் இருக்கிறோம். என்ன கேட்பது?

மதிப்பெண்ணைத் தவிர எதை வேண்டுமானாலும். "தேர்வு எப்படி எழுதினாய்?" என்பது தினமும் முதல் கேள்வியாக இருந்தால், சொல்ல நல்ல செய்தி இல்லாத நாளில் அழைப்பையே எடுக்க மாட்டார்கள். "வேண்டாம் என்று தோன்றினால் ஓர் ஆண்டு நிறுத்திக்கொள்ளலாம், எங்களுக்குச் சம்மதம்" என்று நெருக்கடி எதுவும் இல்லாத நாளில் ஒருமுறை சொல்லிவையுங்கள். சொன்னதால் பிள்ளை படிப்பை விட்டுவிடுமோ என்று பயப்படுகிறார்கள். வெளியே போகக் கதவு உண்டு என்று தெரிந்தால் உள்ளே இருப்பது எளிதாகிறது என்பதே என் அனுபவம்.

ஒருமுறை மனம் திறந்து சொன்னேன். கேட்டவர் சிரித்துத் தட்டிவிட்டார். மறுபடியும் ஏன் சொல்ல வேண்டும்?

அவர் தவறான ஆள், அல்லது அவருக்கு அது தவறான நாள். சொன்னது தவறில்லை. அடுத்த முறை ஆளை மாற்றுங்கள்: நாள் முழுக்க மதிப்பெண்ணைப் பற்றிப் பேசாதவர், அடுத்தவர் கதையை உங்களிடம் வந்து சொல்லாதவர், உங்களுக்கு மதிப்பெண் போடும் இடத்தில் இல்லாதவர். சிரித்துக்கொண்டே சொல்லாதீர்கள்; நாம் சிரித்தால் அவர்களும் வேடிக்கை என்றே எடுத்துக்கொள்வார்கள்.

வாய் வரவில்லை என்றால் எழுதிக் கொடுங்கள். எப்போதிலிருந்து, தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி, எத்தனை வகுப்பு போகவில்லை, சாகலாம் என்று தோன்றியதா, முன்பு எப்போதாவது இப்படி இருந்ததா என்று ஆறு வரிகள். கடைசியில், "எனக்கு அறிவுரை வேண்டாம், மருத்துவரிடம் என்னோடு வர ஒருவர் வேண்டும்" என்று ஒரு வரி. அந்தத் தாளைக் கையில் எடுத்துக்கொண்டே மருத்துவரிடம் போகலாம். அவர் முதலில் கேட்கும் கேள்விகளுக்கு விடை அதிலேயே இருக்கும்.